'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றால், யார் பார்த்துக்கொள்வார்?

விசுவாசக் குடும்பங்களில் ரிடையர்மென்ட் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவது யார் என்று பாருங்கள். மூத்த மகன். இல்லையென்றால், புகுந்த வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டே அம்மாவுக்குப் பணம் அனுப்பும் மகள். கர்த்தர் பெயரில் எழுதிய செக் பிள்ளைகள் கணக்கில்தான் பாஸ் ஆகிறது.

இதைச் சொல்லிக்கொடுத்த தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள் பலருக்கு மாதம் பிறந்தால் அரசு பென்ஷன் வந்துவிடும். அவர்கள் விசுவாசத்துக்கு டிரெஷரி ஜாமீன்! 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை என்றானது. தனியார் கம்பெனிக்காரர்களுக்கோ, பி.எஃப். பென்ஷனில் 2014ல் வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். பேரனும் தாத்தா சொன்னதையேதான் சொல்கிறான், ஜாமீன்தான் இல்லை.

வேதம் அப்படியா சொல்கிறது? மத்தேயு 6 கவலைப்படாதே என்கிறது. கணக்குப் போடாதே என்று எங்கே இருக்கிறது? (கணக்குப் போடாதவன்தான் மாதக் கடைசியில் ஜாஸ்தி கவலைப்படுகிறான், அது வேறு விஷயம்.) ஆதியாகமம் 41ல் பஞ்சம் வரப்போகிறது என்று தேவனே காட்டுகிறார். யோசேப்பு சும்மா இருக்கவில்லை. ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்கிறான். மாற்கு 7ல், தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். பி.எஃப். பணத்தைக்கூட 'விதை'யாகக் கேட்கும் பிரசங்கிமார்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

1744ல் ஸ்காட்லாந்து திருச்சபையில், போதகர் இறந்தால் மனைவி பிள்ளைகள் தெருவுக்கு வரக் கூடாதென்று ஒரு நிதி தொடங்கினார்கள். ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், வருஷத்துக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை விதவைகள் இருப்பார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கணிதப் பேராசிரியர் மக்லாரின் அதைச் சரிபார்த்தார். இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

வகுப்பில் போடும் கூட்டு வட்டிக் கணக்குதான். 8 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 வயதில் தொடங்கி மாதம் 2000 ரூபாய் போட்டால் 60ல் சுமார் 45 லட்சம். 35ல் தொடங்கினால் 19 லட்சம். பத்து வருஷத்தில் போடாமல் விட்டது 2.4 லட்சம்தான், கை விட்டுப் போனதோ 26 லட்சத்துக்கு மேல்!

லூக்கா 12ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் மதிகேடன் எனப்பட்டானே என்பார்கள். நியாயமான கேள்வி. அவன் பேச்சு முழுக்கத் தன்னைப் பற்றியேதான், அடுத்தவனுக்கு அதில் இடமே இல்லை. மூன்றாவது பிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு அதையும் 'ஆசீர்வாதம்' என்று சாட்சி சொல்கிறவர்களுக்கு அந்த உவமை பொருந்தும். மருந்துச் செலவுக்கு பி.பி.எஃப். போடும் நர்ஸுக்கு எப்படிப் பொருந்தும்?

தசமபாகக் கவரில் பெயர் எழுதி மாதாமாதம் வாங்கத் தெரிந்த சபைகள், வேலைக்குச் சேரும் வாலிபரை ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உட்காரவைத்து, கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதே என்று மட்டுமாவது சொல்லலாம். அரை மணி நேரம் போதும்.