ஈரல் நோயும் சுயமரியாதையும்

நமது நாட்டில் வியாதி வந்தவனுக்கு அவ்வியாதியினால் உண்டாகும் கஷ்டம் ஒரு பங்கு என்றால், ஊராருடைய பேச்சினால் உண்டாகும் கஷ்டம் இரண்டு பங்காக இருந்து வருகின்றது. அதிலும் நாள்பட்ட ஈரல் நோய் கண்டவனுடைய பாட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. கண் மஞ்சளித்து வயிறு வீங்கிய ஒருவனைக் கண்டதும், "குடித்துக் கெட்டான்" என்று ஒரு கூட்டமும், "முன் ஜென்மத்து வினை" என்று மற்றொரு கூட்டமும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அவனுக்கு என்ன நோய், அது எதனால் வந்தது, என்ன செய்தால் பிழைப்பான் என்று கேட்பதற்கு மாத்திரம் ஆள் கிடைப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் கம்பத்தில் ஒரு கூட்டம் முடிந்து நாம் பஸ்ஸுக்குப் புறப்படுகையில், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தோழர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்து, மடியிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டினார். ஈரல் சுருங்கத் தொடங்கியிருக்கிறது என்றும், அது ஹெப்படைட்டிஸ் 'பி' என்னும் கிருமியினால் வந்தது என்றும் அதில் கண்டிருந்தது. அவர் ஆயுளில் ஒரு சொட்டு மது அருந்தியவர் அல்ல. ஆனால் அவர் நம்மிடம் கேட்ட கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "அய்யா, இது வெளியே தெரிந்தால் என் மகளுக்குச் சம்பந்தம் வருமா?" என்பதுதான் அவர் கேட்டது. ஆறு மாதமாக அந்தச் சீட்டை அவர் மனைவிக்கும் காட்டவில்லை. தெரிந்துவிடுமே என்று பயந்து மருந்தும் வாங்கவில்லை. அவர் மறைத்ததினால் மனைவிக்கும் மகளுக்கும் சோதனையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அந்த ஆறு மாதமும் அவருடைய ஈரலைத் தின்றது கிருமி மாத்திரமா? நாமும் சேர்ந்தல்லவா தின்றோம்?

ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாய் எழுத வேண்டியது நமது கடமை என்று கருதுகிறோம்.

ஈரல் என்பது வலது விலா எலும்புக்கு அடியில், வளர்ந்த மனிதனுக்குச் சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள உறுப்பு. உண்ட உணவைப் பக்குவப்படுத்துவதும், இரத்தத்திலுள்ள விஷத்தை முறிப்பதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்துக்களை உண்டாக்குவதும் அதனுடைய வேலை. அது கெடுவதற்கு மது ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மது ஒன்றே காரணமல்ல. 'பி', 'சி' என்னும் கிருமிகள் ஒரு காரணம். நீரிழிவினாலும் உடற்பருமனாலும் ஈரலில் கொழுப்பு ஏறுவது ஒரு காரணம். பிறவியிலேயே வரும் கோளாறுகளும் உண்டு. ஈரல் பொறுமையான உறுப்பு. பல வருஷ காலம் உள்ளே தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே இருந்தாலும் வெளியே ஒரு குறியும் காட்டாது. மகோதரமாய் வயிறு வீங்கிய பிறகோ, இரத்த வாந்தி எடுத்த பிறகோதான் வீட்டார் விழித்துக்கொள்ளுகிறார்கள்.

இந்தியாவில் 2022-ம் வருஷத்தில் 'பி' கிருமியுள்ளவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் என்றும், 'சி' கிருமியுள்ளவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை கணக்கிடுகிறது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்தக் கிருமிகள் இரத்தத்தின் மூலமாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவினாலும் பரவக்கூடியவை. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதும், ஒரே கத்தியால் பலருக்கு முடி இறக்குவதும், திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவதும் அவற்றுக்கு வழி திறந்துவிடும் காரியங்களாகும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதினாலோ, தொடுவதினாலோ, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதினாலோ அவை ஒட்டுவதில்லை. அப்படியிருக்க, இந்த நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்குகிறவர்கள், ஜாதியின் பேரால் இருக்கும் தீண்டாமை போதாதென்று வியாதியின் பேராலும் ஒன்றைச் சிருஷ்டிக்கிறார்கள் என்றே சொல்லுவோம்.

நிற்க, மந்திரவாதியின் கதைக்கு வருவோம். "எங்கள் ஊரில் மந்திரித்துக் காமாலை இறங்கியதை நானே கண்ணால் பார்த்தேனே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லுவதாக நாம் சொல்ல வரவில்லை. கெட்டுப்போன தண்ணீராலும் உணவாலும் வரும் 'ஏ', 'இ' என்னும் கிருமிகளால் உண்டாகும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மந்திரித்தாலும் இறங்கும், மந்திரிக்காவிட்டாலும் இறங்கும். தானாக இறங்கியதற்கு மந்திரவாதி கூலி வாங்கிக்கொள்ளுகிறான். அதே மந்திரத்தை நம்பி, 'பி' கிருமிக்காரனும், ஈரல் சுருங்கியவனும், கர்ப்பிணியும் அவன் வாசலில் காத்துக் கிடந்து, கையில் சூடும் போட்டுக்கொண்டு, காலம் கடந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ('இ' கிருமியினால் வரும் காமாலை கர்ப்பிணியின் உயிருக்கே ஆபத்தானது.) பிழைத்தால் மந்திரம், செத்தால் தலையெழுத்து! தோற்கவே முடியாத இந்த வியாபாரம் மந்திரவாதியைத் தவிர வேறு யாருக்குக் கிடைக்கும்?

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். ஈரல் முற்றும் கெட்டவனுடைய இரத்தத்தில் அம்மோனியா முதலிய விஷங்கள் சேர்ந்து மூளையைக் கலக்கும். அவன் பகலில் தூங்குவான், இரவில் விழித்திருப்பான். கை நடுங்கும். சம்பந்தமில்லாமல் பேசுவான். பெண்டு பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் விழிப்பான். இதைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டது என்று உடுக்கடிக்கிறவனிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடிப்பது எவ்வளவு பாதகம்! லாக்டுலோஸ் என்னும் பாகு மருந்தைக் கொடுத்து வயிறு கழியச் செய்தால் அநேகருக்கு அந்தப் "பேய்" இறங்கிவிடுகிறது. பேதி மருந்துக்குப் பயப்படும் பேயை எந்தப் புராணத்தில் கண்டீர்கள்?

பச்சிலையைப் பற்றி நமக்கு விரோதமில்லை. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்தது. 'பி' கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளும்பர்க்கும், சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும் அதே கீழாநெல்லியை எடுத்துப் பரீட்சை செய்தார்கள். 1988-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வந்த முடிவின்படி, மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு தாய்லாந்து முதலிய இடங்களில் பரீட்சித்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை 'பி' கிருமிக்கு நிச்சயமான மருந்து என்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இதுதான் பகுத்தறிவின் வழி. நம்முடையது என்பதற்காகத் தள்ளவும் இல்லை, நம்முடையது என்பதற்காக ஏற்கவும் இல்லை. சோதித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து சீந்தில் கொடியைத் தாமாகவே தின்றவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியதைப் பம்பாய் வைத்தியர்கள் எடுத்து எழுதியிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மதுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நமது பள்ளத்தாக்கிலேயே, குச்சனூரில், சோணைக் கருப்பணசாமிக்கு ஆடித் திருவிழாவில் மதுப் புட்டிகளைக் கணக்கில்லாமல் படைத்து வந்ததைப் பத்திரிகைகளில் படத்துடன் பார்த்திருக்கிறோம். சாமி குடிப்பதினால் சாமிக்கு ஈரல் கெடுவதில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் பக்தனுக்கல்லவா கெடுகிறது! சர்க்காரோ 2003 முதல் தானே சில்லறைக் கடை வைத்து விற்று, வருஷத்திற்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்து வருகிறது. விற்பது சர்க்கார், படைப்பது பக்தி. பழி மாத்திரம் குடித்துக் கெட்டவன் தலையிலா? குடியை நாம் ஆதரிக்கவில்லை. அதை விட்டொழித்தே தீர வேண்டும். ஆனால் விட முடியாமல் தவிப்பவனுக்கும் வைத்தியம் தேவை என்கிறோமே தவிர, காறித் துப்புவதினால் எவனுடைய ஈரலும் குணமாகாது என்கிறோம்.

இழிவான பெயரால் உண்டாகும் கேட்டைச் சுயமரியாதைக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது எதற்காக? பெயரிலேயே உயர்வும் தாழ்வும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காகத்தானே! அதே ஞானம் இன்று வைத்திய உலகத்திற்கும் வந்திருக்கிறது. குடியாமலே வரும் ஈரல் கொழுப்பு நோய்க்கு நாற்பது வருஷமாக வழங்கி வந்த ஆங்கிலப் பெயரில் "குடி", "கொழுப்பு" என்னும் இரண்டு சொற்களும் இருந்தன. 56 தேசங்களைச் சேர்ந்த 236 பேர், வைத்தியர்களும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து, அந்தச் சொற்கள் நோயாளியை இழிவு படுத்துகின்றனவா என்று ஆலோசித்தார்கள். ஒரு சொல்லை 61 சதவிகிதம் பேரும், மற்றொன்றை 66 சதவிகிதம் பேரும் இழிவு என்றார்கள். 2023-ல் பெயரையே மாற்றிவிட்டார்கள். வைத்தியன் உயரப் பீடத்திலும் நோயாளி கீழே தரையிலும் என்றில்லாமல், இரு சாராரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ததே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இனி, நமக்கு என்ன வசதி இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 'பி' கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட்டுவிட வேண்டும். கிருமி ஏற்கெனவே உள்ளவர்களில் யாருக்கு மருந்து தேவை என்பதை வைத்தியர் சோதித்துச் சொல்லுவார். தேவைப்பட்டவர்கள் தினம் ஒரு மாத்திரையால் ஈரலைக் காத்துக்கொள்ளலாம். 'சி' கிருமியோ 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அடியோடு ஒழிந்துவிடுகிறது. 2018 ஜூலை 28-ல், அதாவது புளும்பர்க் பிறந்த தினத்தில், மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டப்படி இவ்விரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். தேனிக்கு அருகில் க. விலக்கில் அரசாங்க மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈரல் மாற்றும் ரணசிகிச்சை சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே ஏழைகளுக்குச் செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் மாற்றுவதற்கு ஈரல் வேண்டுமே! செத்தவன் உடம்பில் உறுப்பை எடுத்தால் மறு ஜென்மத்தில் அவ்வுறுப்பு இல்லாமல் பிறப்பான் என்று சொல்லும் நாட்டில் யார் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள், தோழர்களே! உறுப்புத் தானம் செய்தவர் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23-ல் முதல் மந்திரி அறிவித்தார். அறிவிப்பு வந்த சில தினங்களுக்குள் முதன்முதலாக அந்த மரியாதையைப் பெற்றவர், விபத்தில் மூளைச் சாவடைந்த நமது சின்னமனூர்க்காரர் ஒருவரே. மந்திரி நேரில் வந்து மாலை வைத்தார். அவருடைய குடும்பத்தார் அந்தத் துக்கத்திலும், உறுப்பைப் பெறப் போகிறவன் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. நூறு பிரசங்கத்தில் நாம் சொல்ல முடியாததை அந்த ஒரு வீட்டார் செய்து காட்டினார்கள்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இதுதான். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி, தேனி ஆகிய ஊர்களில் உள்ள நமது தோழர்கள், ஈரல் நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் கொண்ட ஒரு சங்கத்தை ஊருக்கு ஊர் ஏற்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு டாக்டரை அழைத்து, கேள்வி கேட்க விட்டு, பதில் சொல்லச் செய்ய வேண்டும். குணமடைந்தவர்கள் மேடையேறித் தங்கள் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். புதிதாய் நோய் கண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு துணையாள் இருக்க வேண்டும். மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்குப் போதும்.

கம்பத்துத் தோழர் கேட்ட கேள்விக்கு அன்று நாம் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். "சீட்டை முதலில் உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தச் சீட்டைக் கண்டு ஓடுகிற மாப்பிள்ளை, நாளைக்கு உங்கள் மகளுக்கே ஒரு காய்ச்சல் வந்தாலும் ஓடிவிடுவான். அப்படிப்பட்டவன் வராமல் போவதே நல்லது" என்றோம். அவர் போனார். இப்பொழுது மருந்து சாப்பிட்டு வருகிறார். மனைவிக்கும் மகளுக்கும் கிருமி இல்லை என்று தெரிந்து தடுப்பூசி போடப்பட்டது.

வியாதி வருவது மானக்கேடல்ல. வியாதி வந்தவனை மறைந்து வாழும்படி செய்வதுதான் மானக்கேடு. அந்த மானக்கேடு நோயாளியுடையதல்ல, நம்முடையது.