இடுப்பில் தெரிய வேண்டுமாம்!

போன வாரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். .32 ரிவால்வருக்குப் புதிதாக லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்த பழைய குமாஸ்தா என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்.

"சார், பெல்ட்டுல மாட்டுற தோல் உறை ஒண்ணு வாங்கணும். வெளியில பளிச்சுனு தெரியணும். தெரிஞ்சாத்தானே பயப்படுவான்?"

"தெரியவே கூடாது தம்பி" என்றேன். முகம் வாடிவிட்டது. வாடட்டும்.

2016ஆம் வருட ஆயுத விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி, அதற்கென்று செய்த உறையில் உடம்போடு மாட்டியோ, பையிலோதான் இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் எதற்கும் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனை, நாங்கள் பழைய 1962 விதிகளின்படி டைப் அடித்த லைசென்ஸிலேயே உண்டு. ஓயாமல் சுவாமி புறப்பாடு நடக்கிற காஞ்சிபுரத்தில், இதைப் படிக்காமலே வாங்கிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களில் ஒருவரைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பெரியவர் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணக் குனிந்தார். இடுப்பில் வார் இல்லாத, வாய் தளர்ந்த தோல் உறை. ரிவால்வர் நழுவி விழுந்து, பூத் தொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் சறுக்கிப் போனது. முதலில் அதைக் கையில் எடுத்தவன் ஒரு சிறுவன். வெடிக்கவில்லை, கடவுள் புண்ணியம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த லைசென்ஸ் கோப்பில் என் குறிப்பும் இருந்தது.

ஆகவே உறை வாங்குகிறவர்கள் அழகைப் பார்க்காதீர்கள். உங்கள் துப்பாக்கியின் மாடலுக்கே செய்ததா, விசையை முழுக்க மூடுகிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் விடுவிக்கிற பட்டன் வார் இருக்கட்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் அமுங்காமல் நிற்க வேண்டும். மடிந்த தோல் விசையில் சிக்கினால், திரும்பச் செருகும்போதே வெடிக்கலாம். பெல்ட் தடிப்பாக இருக்கட்டும். குண்டுகளை எடுத்துவிட்டு, மாட்டிக்கொண்டு குனிந்து, உட்கார்ந்து, ஓடிப் பாருங்கள். நழுவினால் அது உறையே அல்ல.

"வாரை அவிழ்ப்பதற்குள் திருடன் முந்திவிட மாட்டானா?" என்பார்கள். பழகிய கைக்கு அது ஒரு நொடி. சரி, ஆயுளில் திருடனை எத்தனை முறை பார்க்கப் போகிறீர்கள்? எத்தனை முறை குனியப் போகிறீர்கள்?

சீருடைக்காரர்கள் வெளியே தெரிய மாட்டித்தான் ஆக வேண்டும். அவர்களுக்குத்தான் பூட்டுகிற உறை கட்டாயம். 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அத்திவரதரைத் தரிசித்தவர்களுக்குத் தெரியும்: அந்த நெரிசலில் நம் கை எங்கே என்று நமக்கே தெரியாது. என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒருவர் இடுப்பில் பிஸ்டல், வார் அவிழ்ந்து தொங்கியது. பெருமாளைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

அதே வருடம் டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே நால்வர், 2020 ஜூலை 10 அன்று கான்பூர் அருகே விகாஸ் துபே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டிலும் போலீஸ் சொன்னது, "எங்கள் துப்பாக்கியைப் பறித்தார்கள்" என்பதுதான். ஹைதராபாத் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அதை ஏற்கவில்லை. நான் கேட்பது இதுதான்: அது உண்மையென்றால், கைதி பறிக்கிற மாதிரி உறையை ஏன் கொடுத்தீர்கள்? பொய்யென்றால், நல்ல உறை இருந்திருந்தால் அந்தப் பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியுமா?

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் துப்பாக்கி உறைக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் ஒரே சொல்தான்: எத்யுயி. கண்ணாடிக் கூட்டை யாரும் ஊருக்குக் காட்டுவதற்காக வாங்குவதில்லை. உள்ளே இருப்பது கீழே விழக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி இன்னும் வாங்கவில்லை. வாங்கினால், முதலில் என் வீட்டுக் கூடத்தில் குனிந்து காட்டட்டும்.