எலுமிச்சம்பழம் நசுக்கினால் போதுமா?

போன மாசம் எங்கள் பெரியப்பா புது டிராக்டர் எடுத்தார். மாலை, சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம்... பூஜை ஒரு மணி நேரம் நடந்தது. ஷோரூம் ஆள் வண்டியைப் பற்றிப் பேசியது அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. கையேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இதுவரை அதைப் பிரித்துப் பார்த்தது நான் மட்டும்தான். (பரீட்சைக்குப் படிக்கப் பிடிக்காமல்!)

"இருபது வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாததா?" என்கிறார். ஓட்டத் தெரியும், யார் இல்லை என்றது? ஆனால் ஓட்டியதெல்லாம் பழைய வண்டி. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படிகிறபோது நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் சேரும். அதனால்தான் பல கம்பெனிகள் முதல் ஆயில் மாற்றத்தை 50 மணி நேரத்திலேயே வைக்கின்றன. அது ஹவர் மீட்டர் கணக்கு, காலண்டர் கணக்கு இல்லை. உழவு சீசனில் ஒரே வாரத்தில் ஓடிவிடும். "இலவச சர்வீஸ்னு சொல்லிட்டு ஆயிலுக்குப் பில்லு போடறான்" என்று அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான், அதற்காக எஞ்சினையா பட்டினி போடுவது? சக்கர நட்டுகள் முதல் சில மணி நேரத்திலேயே தளரலாம். அதை ஸ்பேனர் போட்டுப் பார்க்கக் காசா பணமா?

சரி, எஞ்சின் போனால் காசோடு போகும். எனக்கு வயிற்றைக் கலக்குவது மட்கார்டு. டிராக்டரில் இருப்பது ஒரே ஒரு சீட். ஆனால் எங்கள் ஊரில் மட்கார்டுதான் பிள்ளைகளின் சிம்மாசனம். வரப்பில் வண்டி ஒருமுறை துள்ளினால் பிள்ளை விழுவது பெரிய சக்கரத்துக்கு அடியில். வயலில் திருப்புவதற்காகப் பிரித்த இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வரும்போது கொக்கி போட்டு இணைப்பவர்கள் எத்தனை பேர்? வேகத்தில் ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கச் சங்கிலியை உயரமான இடத்தில் கட்டுகிறார்கள். முன்சக்கரம் தூக்கினால் கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தை ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. பெரியப்பா வண்டியில் அது கிடையாது, அவர் கேட்கவும் இல்லை. ஏர் ஹாரனும் பாட்டுப்பெட்டியும் மட்டும் கேட்டு வாங்கி மாட்டியாயிற்று.

இன்று மீட்டர் 61 காட்டுகிறது. சாயங்காலம் அண்ணன் மகன் மட்கார்டில் உட்கார்ந்திருந்தான். "இறங்குடா" என்றேன். பெரியப்பா என்னைத்தான் முறைத்தார்.