கலுங்கை உடைத்தவன் கையில் ரசீது

போன ஐப்பசியில் எங்கள் கண்மாய் நிறைந்தது. ராமநாதபுரம் பக்கம் கண்மாய் நிறைவது என்றால் கல்யாண வீடு மாதிரி. கலுங்குக் கல்லைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். விடியக் கருக்கலில் போய்ப் பார்த்தால், நாலு கல்லைக் காணோம். கடப்பாரை போட்டுப் பெயர்த்து ஓடையில் தள்ளியிருக்கிறார்கள். ராவோடு ராவாகப் பாதிக் கண்மாய் கடலைப் பார்க்கப் போய்விட்டது. சேற்றில் ஒரு விரால் செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. பையன்கள் அதைப் பிடித்துச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஏன் உடைத்தார்கள் தெரியுமா? கண்மாய் நிறைந்தால் உள்வாயில் போட்ட நெல் மூழ்கிவிடுமாம். கண்மாய்க்குள்ளே வயல் போடுவானாம், அதற்குள் தண்ணீர் வரக் கூடாதாம். இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் அப்பா இந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. கூலி என்று கையில் காசு கிடையாது, களத்தில் அளக்கிற நெல்தான். மார்கழிக் குளிரில் முங்கி, மூச்சை அடக்கி, குமிழி மடையின் துளையை அடைத்துவிட்டு மேலே வருவார். உதடு கறுத்துப்போயிருக்கும். கடைமடைக்காரன் வயல் நனையாமல் தலைமடைக்காரனுக்கு இரண்டாம் தண்ணீர் விடமாட்டார், தலைமடை அவர் அண்ணனுடையதாகவே இருந்தும். அந்தத் துளையை இப்போது போய்ப் பாருங்கள், பிளாஸ்டிக் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை' என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம், அவ்வளவு நீளம். எங்களுடையது இரண்டே மடை, தொண்ணூறு ஏக்கர் ஆயக்கட்டு. சின்னக் கண்மாய்தான். ஆனால் புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு, மழை நின்றபிறகு கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணீர் கொடுக்க இதைவிட்டால் வேறு நாதி கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றினதும் உள்வாயில் ஒரு குழி வெள்ளரி போடுவது பழைய வழக்கம். போட்டவன் எனக்குச் சித்தப்பா முறை. நாங்களும் பிஞ்சு பறித்துத் தின்றோம். அடுத்த வருஷம் எள் வந்தது. அதற்கடுத்து வரப்பு வந்தது. வரப்பு வந்த அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். சொந்தக்காரன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம். இன்றைக்கு அங்கே போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மேல்பக்கம் பாதிக் கண்மாய் வயலாகிவிட்டது. சித்தப்பா செத்துப்போனார். அவர் விட்ட இடத்தை வாங்கினவன் வெளியூர்க்காரன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது 'பி மெமோ' என்கிற காகிதம். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, புறம்போக்கில் உழுகிறவனுக்கு அதைக் கொடுத்து அபராதம் கட்டச் சொல்வார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கட்டுவான். ஏன் கட்டமாட்டான்? அந்த அபராத ரசீதைத்தான் பத்திரமாக எடுத்துவைத்து, 'இத்தனை வருஷமாக அனுபவத்தில் இருக்கிறேன்' என்று பட்டா கேட்டு மனுப் போடுகிறான்! திருடினதற்குக் கட்டின காசே திருட்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

நானும் மனுக் கொடுத்தேன். 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டமே போட்டிருக்கிறார்களே, அளந்து கல் ஊன்றுங்கள் என்றேன். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறைக் கண்மாய்க்குத்தான் என்றார்கள். நூறு ஏக்கருக்குக் கீழே ஆயக்கட்டு உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாயாம். அங்கே போனால் அளக்கிற வேலை வருவாய்த் துறையுடையது என்று கை காட்டினார்கள். சுற்றிச் சுற்றிச் செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் ஒரு அதிகாரி, நல்ல மனுஷன்தான், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "மூழ்குகிற பயிரும் பயிர்தானே, பெரியவரே?" என்று கேட்டார்.

காய்ந்த பயிர் பயிரில்லையா ஐயா? தை மாதம் என் இரண்டு ஏக்கரில் அறுத்தது வைக்கோல்தான், அதில் நெல்லே இல்லை. மாடும் அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் இருந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்களே, அந்தக் கல்வெட்டை வைத்து நான் என்ன செய்ய? என் கலுங்கில் நாலு கல் இல்லையே!

அந்த நாலு கல்லையும் நாங்களே ஓடையிலிருந்து தூக்கிவந்தோம். வீட்டுக்கு இருநூறு ரூபாய் வரி போட்டுச் சிமெண்டு வாங்கிப் பூசினோம். பூசி இன்றைக்குப் பத்து நாள் ஆகிறது. கிழக்கே மின்னுகிறது, வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது என்று பையன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போகிறான். டார்ச் லைட்டையும் கயிற்றுக் கட்டிலையும் எடுத்து வைத்துவிட்டேன். இந்த மழை முடிகிற மட்டும் எனக்குப் படுக்கை கலுங்கு மேலேதான். கடப்பாரையோடு வருகிறவன் வரட்டும்.