படகுக் கூரைக்கு எஸ்.எஸ். பைப்: வீட்டிலேயே வளைக்கலாமா?

கேள்வி: "ஆடு, கோழி வளர்ப்பதால் இந்த இதழை வாங்கிப் படிக்கிறோம். வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழில் செய்கிறார். வெயிலுக்காகப் போட்ட ஜி.ஐ. பைப் கூரை இரண்டே வருடத்தில் துருப்பிடித்து, படகு கரையில் நிற்கும்போதே வளைவில் முறிந்து விழுந்தது. கடலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது எஸ்.எஸ். பைப் வாங்கி வீட்டிலேயே வளைக்கலாம் என்கிறார். செய்யலாமா?"
- ஒரு வாசகி, காரைக்கால்மேடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் எஸ்.எஸ். என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பு போட்டு வைத்தால் நாளடைவில் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுவதைப் பெண்கள் பார்த்திருப்பார்கள். கடல் உப்பும் பைப்புக்கு அதையேதான் செய்யும். பைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியப் படலம் இருக்கிறது. அது கெடாதவரை பைப்பும் கெடாது.

எந்த ரகம் வாங்குவது?

கேட், கைப்பிடிக் கம்பிகளுக்கு மலிவாக விற்கும் 202 ரகம் கடலுக்கு ஆகாது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகம் ஓரளவு தாங்கும். பழுப்புக் கறை மட்டும் வரும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனால் முறிந்து விழுந்த கூரையை மறுபடி போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. ரகம் எழுதிய பில்லும் ஆலைச் சான்றும் கேட்டு வாங்க வேண்டும்.

வெளி விட்டம் 25 மி.மீ., கனம் 1.5 மி.மீ. உள்ள பைப் போதும். 6 மீட்டர் நீளம் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ இருக்கும். தண்ணீர்க் குழாய் வளைக்கும் கருவியை இரவல் வாங்கி இதை வளைக்கக் கூடாது. 1 அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளி விட்டமே 33 மி.மீ. வரும். பள்ளம் பெரிதாக இருப்பதால் 25 மி.மீ. பைப் அதில் நசுங்கிவிடும்.

நீளக் கணக்கு

அகலம் 180 செ.மீ., உயரம் 140 செ.மீ., இரு மூலைகளிலும் 20 செ.மீ. ஆரம் கொண்ட வளைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால்களும் 120 வீதம் 240. மேல் நேர்ப்பகுதி 140. ஒரு வளைவுக்கு ஆரத்தை 1.57 ஆல் பெருக்க 31.4, இரண்டுக்கும் 62.8. மொத்தம் சுமார் 443 செ.மீ. ஒரு 6 மீட்டர் பைப்பில் ஒரு வளையம் வந்துவிடும். மீதியை முதலிலேயே வெட்டிவிடக் கூடாது. வளைக்கும்போது நெம்புகோலாக உதவுவது அந்த மிச்ச நீளம்தான்.

வளைக்கும் முறை

1. 19 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டைச் சேர்த்து, 18 செ.மீ. ஆரத்தில் வட்டமாக அறுத்து, கனமான மரத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வளைத்தபின் பைப் சற்றே பின்வாங்கும் என்பதால்தான் ஆரம் குறைவாக இருக்கிறது. எவ்வளவு பின்வாங்குகிறது என்பதை ஒரு துண்டு பைப்பில் சோதித்துவிட்டு, அந்த அளவுக்குக் கூடுதலாக வளைக்க வேண்டும்.

2. பைப்புக்குள் நன்றாகக் காய்ந்த, சலித்த ஆற்று மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டை அடிக்க வேண்டும். மணல் தளர்ந்தால் வளைவு நசுங்கும். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

3. நடுவில் குறியிட்டு, அங்கிருந்து இருபுறமும் அளந்து வளைவுகளைக் குறிக்க வேண்டும். பைப்பின் வெல்டிங் கோடு வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வராமல், பக்கவாட்டில் இருக்கட்டும்.

4. இருவர் சேர்ந்து, வெட்டி இழுக்காமல், நிதானமாக ஒரே முறையில் வளைக்க வேண்டும். எஸ்.எஸ். வளைய வளைய இறுகும். நிமிர்த்தி மறுபடி வளைத்தால் விரிசல் விடும்.

5. இரண்டாவது வளைவுக்கு முன் பைப்பைச் சமதரையில் வைத்து, முறுக்கு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெருப்பு வேண்டாம்

பட்டறையில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. 450 முதல் 850 டிகிரி சூட்டில் குரோமியம் கரியோடு சேர்ந்துவிடுவதால் அந்த இடம் காப்பை இழந்து துருப்பிடிக்கும். மணலில் ஈரம் இருந்தால், சூட்டில் நீராவி கட்டி மரக்கட்டை குண்டுபோல் பாயும், ஆளுக்கே ஆபத்து. இரும்பு வெட்டிய கிரைண்டர் தகட்டையும் இரும்பு பிரஷ்ஷையும் இதில் பயன்படுத்தினால், ஒட்டிய இரும்புத் தூளே துருவுக்கு வித்தாகும். வெட்டும்போது கண்ணாடி அணிவது அவசியம்.

படகில் பொருத்தும்போது

காலைத் தாங்கும் அடிப்பிடியை வெறும் ஃபைபரில் திருகக் கூடாது. அடியில் பலகையோ தகடோ கொடுத்து, எஸ்.எஸ். போல்ட் போட வேண்டும். இரும்பு போல்ட் முதலில் போய்விடும். வளைவில் துளை போடக் கூடாது. உயரம் கூடக்கூடப் படகு ஆடும் என்பதால், உட்கார்ந்தால் தலை தட்டாத அளவு போதும். முழுப் படகுக்கும் வேண்டாம். வலை இழுக்க இடம் விட்டு, எஞ்சின் பக்கம் மட்டும் போட்டால் போதும். துணி சட்டென்று அவிழ்க்கக்கூடிய கயிற்றுக் கட்டாக இருக்க வேண்டும். காற்று ஏறும்போது அவிழ்க்காத துணி பாய்மரமாகிப் படகையே சாய்த்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கரை திரும்பியதும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தால் பைப்பின் ஆயுள் கூடும். வளைவையும் போல்ட்டையும் மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து, குழியோ விரிசலோ தெரிந்தால் அந்த வளையத்தை மாற்றிவிட வேண்டும்.

நிழல்வலைக் குடிலுக்கு வளைவு போட நினைக்கும் உள்நாட்டு விவசாயிகளும் இதே மரப்பலகை, மணல் முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் அவர்களுக்கு எஸ்.எஸ். செலவு வேண்டாம். உப்புக் காற்று இல்லாத இடத்தில் ஜி.ஐ. பைப்பே போதும்.