கூடி வாழும் மீனைத் தனியே வைக்கலாமா?

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று சிறு வயது முதல் கட்டுரை நோட்டுகளில் எழுதி வருகிறோம். அது மனிதருக்கு மட்டும் உரிய பழமொழி என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவை மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சில மீன்கள்.

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பு மாணவியர் காசு சேர்த்து ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினோம். கடையில் மீன்களைக் கண்டதும் எல்லாமே வேண்டும் போலிருந்தது. ஆகவே, நிறத்துக்கு ஒன்றாகப் பொறுக்கினோம். நியான் டெட்ரா இரண்டு, டைகர் பார்ப் ஒன்று, வரிக்குதிரை மீன் என்னும் ஜீப்ரா டேனியோ ஒன்று. கண்டமங்கலத்துக்குப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு வந்து, அன்று மாலையே புதுத் தண்ணீரில் விட்டோம். எங்கள் பெருமைக்கு அளவில்லை!

அப்பெருமை மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. நியான் மீன்கள் நிறம் வெளுத்துக் கல்லின் பின்னால் ஒடுங்கின. டைகர் பார்ப் மற்றவற்றின் துடுப்பைக் கடித்தது. மூன்றாம் நாள் நியான்களில் ஒன்று மிதந்தது. கண்காட்சியன்று மூன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கிண்ணத்தின் அருகே வெகுநேரம் நின்றாள். பிறகு, "அக்கா, இது ஏன் மூலையிலேயே நிற்கிறது? இதற்கு யாருமே இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரைதான் அப்பதில்.

நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. அறிவியல் உலகம் அதற்குப் பெயரிட்டது 1936-இல். இன்று கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை. எனினும், பண்ணையில் பிறந்ததால் இயல்பு மாறிவிடுமா? இத்தகைய சிறு மீன்களுக்கு முள்ளோ நஞ்சோ கிடையாது. கூட்டமே அவற்றின் கோட்டை. பலவாய்ச் சேர்ந்து திரும்பும்போது, துரத்தி வரும் பெரிய மீனுக்கு எதைப் பிடிப்பது என்று புலப்படாது. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக் கோடு என்னும் உறுப்பால் நீரின் அசைவையும், கண்ணால் அருகிலிருக்கும் துணையையும் அறிந்து ஒன்றாய் நீந்துகின்றன. துணையில்லாத மீன் ஓயாத அச்சத்தில் வாழ்கிறது. உணவு உண்பது குறைகிறது, நோய் எளிதில் பற்றுகிறது.

"மீனுக்கு என்ன தெரியும்? அழகுக்குத்தானே வைக்கிறோம்!" என்பார் சிலர். அழகுக்காகவே என்றாலும் கூட்டமாக வைப்பதே சிறந்தது. ஒளிந்து கிடக்கும் மீனில் அழகு ஏது? "ஒவ்வொன்றிலும் பத்து வாங்க வசதி வேண்டாமா?" என்பார் வேறு சிலர். ஒவ்வொன்றிலும் வாங்கச் சொல்லவில்லை. ஆறு இனத்தில் ஒவ்வொன்று வாங்கும் காசுக்கு, விலை குறைந்த ஓர் இனத்தில் ஆறு வாங்கலாம். அதற்கும் வசதி இல்லையெனில் வாங்காதிருப்பதே அன்பு.

கூட்டம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிரிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாங்களோ ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டோம்! நீரின் தன்மையும் முக்கியம். நியான் மீன் மென்னீரை விரும்புவது. சோப்பு நுரைக்காத கடின நீரும், சித்திரை வெயிலில் சூடேறும் தொட்டியும் அதற்கு ஒவ்வா. ஜீப்ரா டேனியோ நம் இந்திய நாட்டு மீன். 1822-இல் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதைப் பதிவு செய்தார். நம் ஊர் நீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். "மிஸ் கேரளா" என்று பெயர் பெற்ற சிவப்புக் கோட்டு மீன், கேரளத்திலும் கருநாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே கூட்டமாய் வாழ்வது. 1990களில் அதன் அழகு உலகச் சந்தைக்குப் போயிற்று. ஓடைகளிலிருந்து வாரி வாரிப் பிடித்ததில் கூட்டங்கள் குறைந்தன. 2008-இல் கேரள அரசு அதைப் பிடிக்கக் கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நாம் வாங்கும் மீன் பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடித்ததா என்று கடைக்காரரைக் கேட்பது நம் கடமை. சென்னைக் கொளத்தூரைப் போல வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட ஊர் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, காட்டு ஓடையை வெறுமையாக்குவானேன்?

அதுபோலவே, சலித்துப்போன மீனை ஏரியில் விடுவது புண்ணியமன்று. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கப்பட்ட சக்கர் மீன் இன்று தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடாகியிருக்கிறது. நமக்கு அண்மையில் ஊசுட்டேரி இருக்கிறது. அதன் ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்திலும் மறு பகுதி புதுச்சேரியிலும் உள்ளது. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அந்த ஏரியின் கெண்டைக்கும் விராலுக்கும் நாம் பகை தேடித் தரலாமா?

கண்காட்சி முடிந்தபின் அக்கிண்ணத்தைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டோம். எஞ்சிய மீன்களை, அவ்வினங்களைக் கூட்டமாய் வளர்த்துவரும் தோழி ஒருத்தியின் வீட்டில் சேர்த்தோம். அறிவியல் ஆசிரியையின் உதவியால் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பழைய தொட்டி ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 55 லிட்டர் நீர் கொள்ளும். செடி வைத்து, ஆறு வாரம் பொறுத்து, எட்டு ஜீப்ரா டேனியோக்களை விட்டோம். ஒன்று திரும்பினால் எட்டும் திரும்புகின்றன. இடைவேளையில் அதன் முன் நிற்காத மாணவியே இல்லை. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவதற்கு முறை வைத்திருக்கிறோம். முன்னாளே பிடித்து வைத்த நீரையே ஊற்றுகிறோம்.

அன்புத் தோழியரே! பிறந்தநாள் பரிசாக ஒரு கிண்ணத்தில் ஒற்றை மீனை யாரேனும் தர முன்வந்தால், அன்புடன் மறுத்துவிடுங்கள். விடுதியில் முதல் நாள் இரவு தனியே படுத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தனிமையை வாயில்லாச் சிறு உயிருக்கு வாழ்நாள் முழுதும் நாம் அளிக்கலாமா? வளர்த்தால் கூட்டமாய் வளர்ப்போம். இயலாவிடில் ஏரிக்கரையில் நின்று கண்டு மகிழ்வோம்!