பாடத்துக்கா பஞ்சம்?

1980 முதல் பாடநூல் இலவசமாக வருகிறது, நன்று. அத்துடன் கடமை முடிந்ததென்று இருப்போரை நாம் கேட்கின்றோம்: தேசிய கல்வி நிறுவகம் நாடு முழுமைக்கும் ஒன்றாய் எழுதும் ஆசிரியர் வழிகாட்டி, சிலாபத்துப் பிள்ளைக்குச் சிலாபத்தைக் காட்டுமா?

முன்னேசுவரத்தில் ஆறாம் பராக்கிரமபாகுவின் சாசனம் கிரந்த எழுத்திலே நிற்கிறது. சிங்கள மன்னன் சிவன் கோயிலுக்கு அளித்த கொடை! இதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் எந்த அச்சகத்தில் உருவாகும்? உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்ட பிள்ளைக்கு யாப்பின் ஓசையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இக்கரையோரத்தில் பள்ளிமொழி மாறிய ஊர்கள் பலவற்றில் தமிழ் வீட்டைவிட்டும் அகன்றதை நாம் கண்டோம். எஞ்சிய வகுப்பறைகளிலும் அது பரீட்சைத்தாளின் மொழியாக மட்டும் சுருங்குவதா? ஆசிரியப் பெருமக்களே, சுற்றறிக்கைக்குக் காத்திராதீர். பிள்ளைகளைக் கோயில் வாயிலுக்கும் மீன்வாடிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அதிகாரிகளே, அதற்கொரு நாளையும் பேருந்துக் கட்டணத்தையும் ஒதுக்கித் தாருங்கள்!